வீக்எண்ட் காருக்கு ரேஸ் கேம்பர் எதுக்குங்க?

கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுக்காக மைனஸ் 3 டிகிரி கேம்பரும் டோ-அவுட்டும் வைக்கிறீங்களே, அந்த வளைவு வர்ற வரைக்கும் எந்த ரோட்டுல போறீங்க?

நேரா ஓடுற நாலுவழிச் சாலை. அங்க மழையில சடன் பிரேக் அடிச்சா, டயரோட உள்விளிம்புதான் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். டோ-அவுட் வச்ச ஸ்டீயரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலையும்.

உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ஞ்சிருக்கும். வெளியே நின்னு பார்த்தா புது டயர்! இதுதான் எனக்குக் கோபம். டயர் வெடிச்சு கேஷுவாலிட்டிக்கு வர்றவங்கள்ல பின்சீட்டுக் குழந்தைங்களும் உண்டு. அவங்க கேம்பர் கேட்கலையே.

கேம்பர் மைனஸ் 1 டிகிரி பக்கம் போதும். டோ கம்பெனி சொன்ன அளவுலயே இருக்கட்டும். (ஸ்டான்ஸ் போட்டோவுக்கு லைக் குறையும், பரவாயில்ல.)

அலைன்மென்ட் கடையில "ஓகே சார்"னு சொன்னா கிளம்பிடாதீங்க. பிரிண்ட்அவுட் வாங்குங்க.