நேர்கோடு போட்டா மூணே முக்கால் மணி நேரம்!

ரெண்டு ஊர் பேரைக் குடுத்தா விமான தூரமும் பயண நேரமும் சொல்ற வலைத்தளங்கள் நிறைய இருக்கு மக்களே. உள்ளே பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியோட ஆரம் 6,371 கி.மீ., ஹாவர்சைன்னு ஒரு ஃபார்முலா. நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு பத்து வரி கோடு. வர்ற தூரத்தை 800ஆல வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தா நேரம் ரெடி :-)

கோயம்புத்தூர் - திப்ருகர் (மேல் அஸ்ஸாம்) போட்டுப் பார்த்தேன். சுமார் 2,620 கி.மீ., மூணே முக்கால் மணி நேரம். கணக்கு சரிதான். ஆனா போறவனுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏன்னா இந்த ரெண்டு ஊருக்கும் நேரடி விமானமே கிடையாது.

'சுத்திப் போறதால லேட்டாகுது'ன்னு நினைப்போம். மேட்டரே அங்கதான் இருக்கு. கோவை - சென்னை 405, சென்னை - கொல்கத்தா 1,385, கொல்கத்தா - திப்ருகர் 850. கூட்டினா 2,640 கி.மீ. வெறும் 20 கி.மீ.தான் அதிகம்! ரெண்டு பெரிய ஊரும் கிட்டத்தட்ட நேர்கோட்டுலயே உக்காந்திருக்கு. மூணு தடவை ஏறி இறங்கினாலும் பறக்கற நேரம் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடும். டெல்லி வழியா போனாதான் 3,700 கி.மீ., நிஜமான சுத்து. ஆக, நேரத்தைத் தின்னுறது வானம் இல்ல, நடுவுல உக்கார வைக்கிற காத்திருப்பு.

இது யாருக்கு முக்கியம்? கோவை பவுண்டரியிலயும் திருப்பூர் பனியன் கம்பெனியிலயும் வேலை பாக்கற அஸ்ஸாம் பசங்களுக்கு. 2011ல விட்ட விவேக் எக்ஸ்பிரஸ் திப்ருகர்லேர்ந்து கோவை வழியா கன்னியாகுமரி போய்ச் சேர மூணு நாளுக்கு மேல ஆகுது. ஊர்ல அப்பாவுக்கு முடியலைன்னு போன் வந்தா அந்தப் பையன் கடன் வாங்கியாவது விமானத்துலதான் போவான். அவனுக்கு ராத்திரி பூரா ஏர்போர்ட் நாற்காலியில கழியறது வெறும் அலுப்பு இல்ல. அப்பா முகத்தைப் பாக்கறதா, இல்லையாங்கற கேள்வி.

'அப்ப நேரடி விமானம் விடச் சொல்லுங்க'ன்னு கேப்பீங்க. அதுல எனக்கு நம்பிக்கை இல்லை. சின்ன ஊர்களை இணைக்க 2016ல உடான் திட்டம் வந்துச்சு. 2023ல சி.ஏ.ஜி. அறிக்கை என்ன சொல்லுது? முதல் மூணு சுற்றுல குடுத்த 774 வழித்தடத்துல 371தான் ஆரம்பிச்சது. அதுலயும் சலுகைக்காலமான மூணு வருஷத்தை முடிச்சது 112. தினமும் சீட்டு நிரம்பாத ஊருக்கு காசைக் கொட்டி விமானம் விட்டா, காசு நின்னதும் விமானமும் நின்னுடும்.

என் கட்சி இதுதான். புது விமானம் வேண்டாம், இருக்கறதோட நேரத்தைப் பொருத்துங்க. சென்னையில இறங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொல்கத்தா, அங்கேர்ந்து அதே மாதிரி திப்ருகர். எல்லாம் ஒரே டிக்கெட்ல. தனித்தனி டிக்கெட்னா முதல் விமானம் தாமதமானதும் அடுத்ததுக்குக் கட்டின காசு போச்சு. ஒரே டிக்கெட்னா அடுத்ததுல ஏத்தி விடற பொறுப்பு கம்பெனியோடது.

அப்புறம் அந்த வலைத்தளக்காரங்களுக்கு ஒரு விண்ணப்பம். நேர்கோட்டு நேரத்துக்குக் கீழ, இன்னிக்குக் கிளம்பினா நிஜமா எப்பப் போய்ச் சேரலாம்னும் ஒரு வரி போடுங்க சாமி.

உங்க ஊர்லேர்ந்து போட்டுப் பாருங்க. கணக்கு எத்தனை மணி, நிஜம் எத்தனை மணின்னு ரெண்டையும் சொல்லுங்க.