அலறுவதெல்லாம் காவல் ஆகாது

வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பதினைந்து வருடம் ஓடிய சிறிய கார் ஒன்று அவரிடம் உண்டு. சென்ற ஆண்டு அதற்கு ரிமோட்டுடன் கூடிய அலாரம் ஒன்றைப் பூட்டுவித்தார். பொத்தானை அழுத்தியதும் நான்கு கதவுகளும் ஒருமிக்கத் திறப்பதை அயலவர் எல்லோருக்கும் பெருமையோடு காட்டினார். ஆனால் கடற்கரையோரம் ரயில் போகும்போதெல்லாம் அந்தக் கார் அலறத் தொடங்கியது. பாணந்துறைப் பக்கம் போகும் ரயிலுக்கும் அலறும். கோட்டைக்குத் திரும்பும் ரயிலுக்கும் அலறும். முதல் வாரம் ஒழுங்கை முழுவதும் யன்னலைத் திறந்து பார்த்தது. இரண்டாம் வாரம் ஏசியது. மூன்றாம் வாரத்தில் எவரும் எழும்பவில்லை.

பின்னர் ஒருநாள் நள்ளிரவு கடந்து அது அலறியது. நானும் கேட்டேன். ரயில் போகிறது என்று எண்ணித் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ரயில் ஏது என்ற எண்ணம் விடிந்த பிறகுதான் வந்தது. ஆசிரியரின் காரில் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது.

அண்மையில் எனது பழைய காருக்கும் மலிவான அலாரம் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. கொழும்பில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பாட்டுத்தான். "ஐயா, இது ஆறு விதமாகச் சத்தம் போடும். ரிமோட் பொக்கற்றில் இருந்தால் போதும், கிட்டப் போனதும் கதவு திறக்கும். திறப்பே தேவையில்லை." திருடனை இது எவ்வாறு தடுக்கும் என்று கேட்டேன். "சத்தம் கேட்டால் ஓடிவிடுவான், ஐயா" என்றார்கள்.

எங்கள் ஒழுங்கைக்கு வந்தவன் ஓடவில்லை. ஆறுதலாகக் கண்ணாடியைக் கழற்றினான்.

வாசகர்கள் இதைச் சிறிய விடயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. அந்த ஐந்து வருடங்களில் இலங்கையில் பழைய கார்களின் விலை எங்கே ஏறியது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இன்று நடுத்தரக் குடும்பமொன்றின் பழைய கார் என்பது மகளின் சீதனத்துக்கு ஒப்பான சொத்து. அது போனால் இன்னொன்று வாங்கமுடியாது. அத்தகைய சொத்துக்குக் காவல் என்று சொல்லி ஓர் ஊதுகுழலை விற்பது வியாபாரம் அல்ல, ஏமாற்று. அதைக் கேள்வி கேட்காமல் வாங்குவது எமது பேதைமை.

சைரன் களவைக் குறைக்கவில்லை என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் காப்புறுதிக் கோரிக்கைகளை ஆராய்ந்து, அலாரம் பூட்டிய கார்களில் களவு இழப்பு மொத்தத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1997ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. காரணம் எங்கள் ஒழுங்கையில் நடந்ததுதான். காற்றுக்கும் பட்டாசுக்கும் பஸ்ஸின் இரைச்சலுக்கும் அலறும் பெட்டியை ஊர் விரைவில் மறந்துவிடும்.

களவைத் தடுப்பது வேறொன்று. அதன் பெயர் இமொபிலைசர், அதாவது இயந்திர முடக்கி. உரியவரின் திறப்போ ரிமோட்டோ இல்லாவிட்டால் இயந்திரம் இயங்க மறுக்கும். இது சத்தம் போடாது, விளக்கும் மின்னாது. ஆகவே கடைக்காரரால் இதைக் காட்டி வாடிக்கையாளரை மயக்கமுடியாது. ஆனால் இதன் அருமையை அறிய 2021ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். கியா, ஹியுண்டாய் கார்களில் அந்நாட்டில் விற்ற பல மாதிரிகளுக்கு இமொபிலைசர் பொருத்தப்படவில்லை. யூஎஸ்பி வயரின் முனையால் சுவிட்சைத் திருப்பியே பதின்ம வயதுப் பையன்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். சமூக ஊடகங்களில் அது ஒரு விளையாட்டாகவே பரவியது. கனடாவிலோ 2007ஆம் ஆண்டிலிருந்து புதிய கார்களுக்கு இமொபிலைசர் கட்டாயம்; அங்கு அந்தத் தொல்லை எழவில்லை. 2023 பெப்ரவரியில் அந்த நிறுவனங்கள் அமெரிக்காவில் ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டன. அது அலாரம் ஒலிக்கும் நேரத்தை 30 வினாடியிலிருந்து ஒரு நிமிடமாக நீட்டியது. திறப்பு சுவிட்சில் இருந்தாலன்றிக் கார் இயங்காதபடியும் செய்தது. இவ்விரண்டில் எது காவல் என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விடுகிறேன்.

அடுத்தது, பொத்தானால் கதவு திறக்கும் வசதி. இதற்கு நான் எதிரி அல்லன். மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திறப்பைத் தேடுபவருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் ரிமோட் என்பது ஒரு சிறிய வானொலி. அது அனுப்பும் குறி எப்பொழுதும் ஒன்றாகவே இருந்தால், ஒருமுறை பிடித்து வைத்துக்கொண்டவன் எப்போதும் திறக்கலாம். மலிவான ரிமோட்டுகளில் காணப்படும் ஈவி1527 வகைச் சில்லு அப்படிப்பட்டது. 20 பிட் நீளமுள்ள மாறாத எண் ஒன்றே அதன் அடையாளம். இதைக் கற்று அவ்வாறே திருப்பிச் சொல்லும் நகல் ரிமோட்டுகள் சந்தையில் மிக மலிவு. மாறுகுறி ரிமோட் ஒவ்வொரு தடவையும் புதிய எண்ணை அனுப்பும். பயன்படுத்திய எண்ணைக் கார் மறுபடி ஏற்காது.

மாறுகுறியும் உடைக்கமுடியாத பூட்டு அல்ல. 1980களில் தென்னாபிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த கீலொக் என்ற முறையை, ஜெர்மனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் உடைத்துக் காட்டினார்கள். 2015இல் சாமி கம்கர் என்ற அமெரிக்கர், ரிமோட்டின் குறியை இடையில் தடுத்துச் சேமித்துப் பின்னர் பயன்படுத்தும் சிறு கருவியை ஏறக்குறைய 32 டொலர் செலவில் செய்து காட்டினார். ஆயினும் இவற்றுக்கு அறிவும் பொறுமையும் வேண்டும். மாறாக்குறிக்கு ஒரு நகல் ரிமோட் போதும். மலிவு வாங்குபவனுக்கும் இந்த வித்தியாசம் உரியதுதான்.

கடைக்காரர் மிகவும் பெருமைப்பட்டுக் கொண்ட "கிட்டப் போனதும் திறக்கும்" வகைக்கு வருவோம். எனது வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தாமலே திறக்கும் முறையில் காரும் ரிமோட்டும் தாமாகவே பேசிக்கொள்கின்றன. வீட்டுக்குள் மேசையில் கிடக்கும் ரிமோட்டின் பேச்சை ஒருவன் கருவி மூலம் காருக்கு அஞ்சல் செய்தால், எசமான் பக்கத்தில் நிற்கிறார் என்று கார் நம்பிவிடும். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார் மாதிரிகளில் இதைச் சோதித்து வெற்றி கண்டார்கள். தொழிற்சாலையில் பொருத்தி வந்த கார்களின் நிலையே அது.

பழைய காருக்கு வெளியில் பூட்டும் மலிவான "புஷ் ஸ்டார்ட்" தொகுதிகளோ இன்னும் மோசம். திறப்பு போடும் சுவிட்சை ஒதுக்கிவிட்டுப் பொத்தானால் இயக்கவேண்டுமானால், ஸ்டியரிங் பூட்டு தடையாக நிற்கும். ஆகவே பல இடங்களில் பூட்டுபவர் அந்தப் பூட்டையே செயலிழக்கச் செய்துவிடுவார். 1960களின் தொடக்கத்திலேயே மேற்கு ஜெர்மனி எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கிய, களவைக் குறைத்துக் காட்டிய ஓர் இரும்புக் காவலை, காசு கொடுத்துக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு நீல விளக்கை வைத்துக்கொள்கிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்புத் தொகுதி! வீட்டுக் கதவின் பூட்டை விற்று வாசலில் மின்மணி வாங்கிப் போட்டவனுக்கும் எமக்கும் என்ன வேறுபாடு?

அப்படியானால் விலை கூடியதை வாங்கினால் சரியாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் இல்லை. கையடக்கத் தொலைபேசியோடு இணையும் விலையுயர்ந்த அலாரங்களான பண்டோரா, வைப்பர் ஆகியவற்றில், பிறர் கணக்கைக் கைப்பற்றிக் காரைக் கண்டுபிடிக்கவும் கதவைத் திறக்கவும் இடம்கொடுக்கும் ஓட்டைகள் இருந்ததை 2019 மார்ச்சில் பிரித்தானியாவின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அவை உடனே திருத்தப்பட்டன என்பது உண்மை. ஆனால் அதுவரை பண்டோரா தனது அலாரத்தை ஊடுருவ முடியாதது என்றே விளம்பரம் செய்துகொண்டிருந்தது. காசு கூடக் கூடக் காவல் கூடும் என்பதும் விற்பவர் கட்டிய கதையே.

எனவே மலிவு வாங்குவதில் வெட்கம் இல்லை. எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவதில்தான் வெட்கம். வெறும் வசதி மட்டும் வேண்டுமானால், அலாரம் இல்லாத ரிமோட் பூட்டுத் தொகுதி தனியாகவே கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு வசதி என்றே சொல்லுங்கள். காவலும் வேண்டுமானால் கடைக்காரரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, ரிமோட் மாறுகுறியா? பதில் மழுப்பலாக இருந்தால், பூட்டிய பின் திறப்பு வெட்டும் கடையொன்றில் நகல் எடுக்க முயன்று பாருங்கள். சாதாரண நகல் ரிமோட்டில் ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டால் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்.

இரண்டாவது, இயந்திரத்தைத் தடுக்கும் ரிலே உண்டா, அது எதைத் துண்டிக்கிறது? ஸ்டார்ட்டரைத் துண்டிப்பதே நல்லது. ஓடும்போது இயந்திரத்தை நிறுத்தும் வகை வேண்டவே வேண்டாம். நடு வீதியில் தவறுதலாக நின்றால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். அலாரத்தின் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அந்தத் தடை நிலைக்குமா என்றும் கேளுங்கள். பெரும்பாலான மலிவுத் தொகுதிகளில் பெட்டியின் இணைப்பைக் கழற்றியதும் கார் இயங்கத் தயாராகிவிடும். மின்சாரம் இல்லாதபோதும் துண்டித்தே இருக்கும்படி ரிலேயை இணைக்கலாம். ஆனால் பெட்டி பழுதானால் நீங்களும் வழியில் நிற்க நேரிடும். எதை ஏற்பது என்று உரிமையாளர் தீர்மானிக்க வேண்டும், பூட்டுபவர் அல்ல.

மூன்றாவது, பெட்டியை எங்கே வைப்பீர்கள்? டாஷ்போட்டின் கீழே கையெட்டும் இடத்தில் தொங்குமானால் அது திருடனுக்கு வைத்த படையல். வயர்களை முறுக்கி நாடா சுற்றுபவரை விட்டு, ஈயம் வைத்து ஒட்டுபவரைத் தேடுங்கள். பொருளில் மிச்சம் பிடித்து, பூட்டுபவரின் கூலிக்குத் தாராளமாகக் கொடுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு.

நான்காவது, ரிமோட் தொலைந்தால் என்ன வழி? மறைவான அவசர சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை உங்களுக்குக் காட்டித் தரவேண்டும். பழைய ரிமோட்டுகளை நினைவகத்திலிருந்து அழித்துக் காட்டவும் வேண்டும்.

கடைசியாக, நிறுத்தி வைத்திருக்கும்போது அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? 30 மில்லி அம்பியர் என்றால் நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி. 35 அம்பியர் மணிப் பற்றரியில் பாதி, 24 நாட்களில் போய்விடும். பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று கடைகளிலும் இக்கேள்விகளைக் கேட்டேன். இரண்டில் என்னை வேண்டாத விருந்தாளி போல் பார்த்தார்கள். மூன்றாவதில் முதலாளி உள்ளே இருந்த ஓர் இளைஞனைக் கூப்பிட்டார். அந்தத் தம்பி மட்டுமே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அவனிடமே, அங்கிருந்தவற்றில் மிக எளிமையான தொகுதியை வாங்கிப் பூட்டுவித்தேன். மாறுகுறி, ஸ்டார்ட்டர் தடை, ஒரு சைரன், அவ்வளவுதான். நீல விளக்குப் பொத்தான் இல்லை. ஸ்டியரிங் பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

புறப்படும்போது, ரயிலுக்கு அலறும் அலாரத்துக்கு மருந்து உண்டா என்று அவனிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, அதிர்வை உணரும் சிறு பெட்டியில் ஒரு திருகாணி இருக்கும், அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும் என்றான். அன்று மாலையே ஆசிரியரின் காரில் அதைச் செய்தோம். ஒரு சிறு திருப்புளியும் ஐந்து நிமிடமும் போதுமாயிருந்தன. விற்றவர் பூட்டிய அன்றே செய்து கொடுத்திருக்க வேண்டிய வேலை அது.

இப்போது ரயில் போகும்போது அந்தக் கார் பேசாமல் நிற்கிறது. இனி அது அலறினால் நான் எழும்பி வருவேன் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.