பனடோலோடு முடிகிற வைத்தியம் போதுமா?

காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போதே முதுகு பிடித்துக்கொள்கிறது. அந்தி நேரம் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு ஏறும்போது முழங்கால் கெஞ்சுகிறது. டிஸ்பென்சரிக்குப் போனால் நாலு பனடோல், கொஞ்சம் தைலம். அடுத்த வாரமும் அதே வலி, அதே மாத்திரை. தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சம்பளப் பேச்சுக்கு அடுத்தபடியாக எம் பெண்கள் சொல்வது இந்த வலியைத்தான்.

இது வயதால் மட்டும் வந்த வலியல்ல. தலையில் கயிற்றை மாட்டி, கொழுந்துச் சுமையை முதுகில் தொங்கவிட்டு, வழுக்கும் சரிவில் நாள் முழுக்க நிற்கிறோம். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்குத் தோளும் மணிக்கட்டும் போகிறது. மருந்தடிக்கும் டாங்கியைச் சுமப்பவருக்கு இடுப்பு போகிறது. இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவருக்குக் கழுத்து போகிறது. வேலை தந்த வலிக்கு வேலை கொடுத்தவரும் பொறுப்பு.

வலி தாங்காதபோது நாம் சுளுக்கு எடுப்பவரிடம் போகிறோம். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அந்தக் கைகளை நாம் குறைத்துப் பேசவில்லை. வேறு யாரும் எம்மைத் தொட்டுப் பார்க்காத காலத்தில் அவர்கள்தான் பார்த்தார்கள். ஆனால் பிசியோதெரபி படித்தவரின் கைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் அமுக்குவதற்கு முன் கேட்கிறார், குனியச் சொல்கிறார், காலின் பலத்தையும் உணர்வையும் சோதிக்கிறார். பிறகு இறுகிய மூட்டை எவ்வளவு தூரம், எவ்வளவு மெதுவாக அசைப்பது என்று அளந்து அசைக்கிறார். அவுஸ்திரேலியாவின் மெய்ட்லண்ட் என்ற நிபுணர் இந்த அசைவுகளைப் படிப்படியாகத் தரம் பிரித்துக் கற்பித்தார். இன்றும் பல நாடுகளில் அதைப் படிக்கிறார்கள்.

எல்லா முதுகிலும் கை வைக்கக் கூடாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, உடம்பு மெலிந்துகொண்டே போகும்போது வரும் வலி என்றால், வைத்தியர் பார்க்கும்வரை நீவவோ நெட்டி முறிக்கவோ விடாதீர்கள். முதுகு வலியோடு கால்கள் பலமிழந்தாலும், உட்காரும் இடம் மரத்துப் போனாலும், சிறுநீர் அடைத்தாலும், தெரியாமல் போனாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கைச்சிகிச்சை மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. கை வலியைக் கொஞ்சம் தணிக்கும். தணிந்த அந்த நேரத்தில் செய்யும் உடற்பயிற்சிதான் முதுகை நிமிர்த்தி வைக்கும். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2016இல் இதைத்தான் சொன்னது: முதுகு வலிக்குக் கைச்சிகிச்சை கொடுப்பதானால் உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் பயிற்சியும், நோயாளிக்கு விளக்கம் சொல்வதும் முக்கிய இடம் பெற்றன. வழக்கமாக இடுப்புப் பட்டி கட்டுவதையும், இழுவை வைத்தியத்தையும் அது பரிந்துரைக்கவில்லை.

ஒரு காலத்தில் முதுகு வலி என்றால் பாயில் அசையாமல் படு என்றார்கள். இன்று, முடிந்த அளவு நடமாடு என்கிறார்கள். வைத்தியம் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் படித்தவர் அதற்குப் பிறகு ஒரு வகுப்புக்கும் போகாமல் இருந்தால் இன்றும் பழையதைத்தான் சொல்வார். அது அவருடைய குற்றம் அல்ல. தோட்ட வைத்திய உதவியாளர் பலர் தனி ஆளாக நின்று காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் காயத்துக்கும் முகம் கொடுக்கிறார்கள். அவர்களை மறுபடி பயிற்சிக்கு அனுப்பாத நிர்வாகத்தைத்தான் நாம் கேட்க வேண்டும். புதுசாகக் கொழுந்தெடுக்க வரும் பிள்ளை பழைய கைக்குப் பக்கத்தில் நின்றுதான் பழகுகிறது. வைத்தியக் கையும் அப்படித்தான், பக்கத்தில் நின்று பழக வேண்டும். புத்தகத்தில் படித்தால் மட்டும் வராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நடமாடச் சொல்லியிருக்கிறார்கள்' என்பதைப் பிடித்துக்கொண்டு, வலியோடு இருப்பவரை அதே மலைக்கு அதே சுமையோடு அனுப்ப எந்தத் துரையையும் விடக் கூடாது. நடமாடுவது வேறு, நிறை கொழுந்து சுமப்பது வேறு. சுகமாகும்வரை இலேசான வேலை கொடுக்க வேண்டும். அதற்கும் முழுப் பேர் போட வேண்டும்.

நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களின் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன. சிகிச்சை இலவசம். ஆனால் ஒரு தரம் போனால் முடிகிற வைத்தியம் அல்ல இது, பல தரம் போக வேண்டும். ஒவ்வொரு தரமும் பஸ் காசு போகிறது, அன்றைய பேரும் போகிறது. இரண்டாவது தரத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இலவச வைத்தியத்துக்கு எம் பெண்கள் நாட்சம்பளத்தைக் கட்டணமாகக் கொடுக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1912இல், சட்டம் வந்தது. 1990களில் தொடங்கி சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மற்ற இடங்களில் இன்னும் கம்பனியைக் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கத்தைக் கேட்டால் கம்பனியைக் காட்டுகிறது. ஆகவே இரண்டு பக்கத்தையும் பார்த்தே கேட்கிறோம்.

முதலாவது, பிசியோதெரபி நிபுணர் ஒருவர் மாதத்தில் குறித்த நாட்களில் தோட்டப் பிரிவுகளுக்கே வர வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி பட்டப்படிப்பு நடக்கிறது. மலையடிவாரத்தில் படிக்கும் அந்த மாணவர்கள் ஆசிரியரோடு மலைக்கு வந்து பயிற்சி எடுத்தால் அவர்களுக்கும் நல்லது, எமக்கும் நல்லது.

இரண்டாவது, தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் வருடா வருடம் சம்பளத்தோடு மறுபயிற்சி வேண்டும். எந்த வலியை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடியும்.

மூன்றாவது, சிகிச்சைக்குப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது.

நான்காவது, எம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போக வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பதைப் பெற்றோர் சொல்லிக்கொடுங்கள். வலிக்கிற இடத்தை எங்கள் பேச்சிலேயே கேட்டுப் புரிந்துகொள்ளும் கை, பாதி நோயை அங்கேயே குறைக்கும்.

அடுத்த தோட்டக் கமிட்டியில் தலைவரும் மாதர் தலைவியும் முதுகு, தோள், முழங்கால் வலியோடு வேலை செய்பவர்களைப் பிரிவுவாரியாக எண்ணி எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் வேலை இழந்தார்கள் என்று குறித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது வாய்ப்பேச்சை விடக் கணக்குக்குப் பலம் அதிகம். கொழுந்தை மட்டும் நிறுத்துப் பார்ப்பவர்களிடம் எங்கள் வலியையும் கணக்காகவே வைப்போம்.