கயிறு கற்பிக்கும் கல்வி

கல்லூரிச் சுற்றுலா என்றால் மாமல்லபுரத்துச் சிற்பங்களும் செஞ்சிக் கோட்டையும் வேடந்தாங்கல் பறவைகளுமே நினைவுக்கு வந்த காலம் ஒன்றுண்டு. இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் பயிலும் மாணவரின் விருப்பம் வேறு திசையில் செல்கிறது. ஆவடி வழியே செல்லும் இருப்புப்பாதையில் சோலையார்பேட்டை வரை பயணம் செய்து, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலகிரிக்குச் செல்ல வேண்டும். இன்னும் தொலைவில் வயநாட்டிற்கோ மூணாற்றிற்கோ செல்ல வேண்டும். அங்கே அரைநாள் முழுதும் கயிற்றில் தொங்க வேண்டும் என்பதே அவ்விருப்பம்.

இரு மேடுகளுக்கிடையே சரிவாகக் கட்டிய கம்பிவடத்தில் கப்பியைப் பூட்டி, அதில் தொங்கியவாறு விரைந்து செல்வது ஜிப்லைன். செங்குத்தான பாறை முகத்தில் கயிற்றைப் பற்றிப் படிப்படியாக இறங்குவது ராப்பலிங். இவற்றைப் பொருளையும் பொழுதையும் வீணாக்கும் விளையாட்டு என்று ஒதுக்கும் பெரியோர் உளர். வீரத்தின் அடையாளம் என்று கொண்டாடும் இளைஞரும் உளர். இரு சாராரும் கயிற்றின் ஒரு நுனியை மட்டுமே பற்றியிருக்கின்றனர் என்பது நம் கருத்து. முறையாகக் கற்பிக்கப்பட்டால் இது கல்வி. முறை தவறினால் உயிர்க்கேடு. இடைப்பட்ட நிலை இதற்கில்லை.

நமக்குப் புதிதன்று

இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான கேளிக்கை என்னும் எண்ணம் முழுதும் சரியன்று. சங்க நூல்களைப் பயின்றோர் 'மால்பு' என்னும் சொல்லை அறிவர். நெடிய மலைச்சரிவில் தொங்கும் தேனடையை எடுக்கக் குறவர் மூங்கிலால் அமைத்த ஏணியே மால்பு. அச்சொல் மலைபடுகடாத்திலும் புறநானூற்றிலும் இடம்பெற்றிருப்பது, பாறையில் ஏறி இறங்கும் தொழில் தமிழ் நிலத்தில் எத்துணைப் பழமையானது என்பதற்குச் சான்று. நீலகிரிக் குறும்பர் காட்டுக்கொடியால் பின்னிய ஏணியில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் வழக்கம் நம் காலம் வரை நீடித்துள்ளது. அவர்களுக்கு அது பொழுதுபோக்கன்று, பிழைப்பு. ஆதலால் கொடியைத் தேர்வதிலும் முடிச்சைச் சோதிப்பதிலும் மேலே நின்று காவல் காப்பவரைத் தெரிவு செய்வதிலும் அவர்கள் சிறு கவனக்குறைவுக்கும் இடமளிப்பதில்லை.

மேனாட்டு வரலாறும் இதையே உணர்த்துகிறது. பிரான்சு நாட்டு ஷமோனி ஊரைச் சேர்ந்த மலை வழிகாட்டி ஜான் ஷார்லே 1870களில் ஆல்ப்சு மலையின் ஒரு செங்குத்துச் சிகரத்தை வெல்ல முயன்றபோது, இரட்டைக் கயிற்றில் இறங்கும் முறையை வகுத்தார் என்பர். ஏறியவர் உயிருடன் இறங்கி வர வேண்டும் என்னும் தேவையே ராப்பலிங்கின் தாய். கோஸ்டாரிகா நாட்டு மழைக்காட்டில் தாவரங்களையும் உயிரினங்களையும் ஆய்ந்த டொனால்டு பெர்ரி போன்ற அறிஞர்கள், தரையிலிருந்து காண இயலாத மரமுடிகளை எட்டுவதற்காக 1970களில் கயிறுகளைக் கட்டினர். சுற்றுலாப் பயணிகள் அவ்வழியில் சறுக்கத் தொடங்கியது 1990களில்தான். முதலில் தேவை, பின்பு அறிவு, அதன் பின்பே கேளிக்கை. நாமோ கேளிக்கையை மட்டும் விலை கொடுத்து வாங்கி, தேவையையும் அறிவையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

கயிற்றின் கணக்கு

அறிவு என்று நாம் கூறுவது எதனை? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர் கம்பிவடத்தின் நடுவில் தொங்குகிறார். வடம் தாங்க வேண்டியது 60 கிலோ என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. வடம் இருபுறமும் கிடைமட்டத்தோடு ஐந்து பாகை அளவே சரிந்திருக்குமாயின், அவ்வடத்தில் ஏற்படும் இழுவிசை அவர் எடையைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு; அதாவது 340 கிலோவுக்கும் மேல். வடம் எவ்வளவுக்கு விறைப்பாகக் கட்டப்படுகிறதோ, அவ்வளவுக்கு இழுவிசை பெருகும். இறுகக் கட்டியதே வலிமையானது என்னும் நம் பொது எண்ணம் இங்கே தலைகீழாகிறது. இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் வரையும் விசைப்படம் உயிர் காக்கும் அறிவாக மாறுவது இவ்விடத்தில்தான்.

ராப்பலிங்கிலும் அவ்வாறே. உடலின் முழு எடையையும் ஒரு கையால் கட்டுப்படுத்த முடிவதற்குக் காரணம் கைவலிமையன்று. கயிறு எட்டு வடிவ உலோக வளையத்தில் வளைந்து செல்லும்போது எழும் உராய்வே. அந்த உராய்வைக் காப்பது கீழ்க்கை. அஞ்சியவர் அனிச்சையாகக் கீழ்க்கையை விட்டு மேல்கயிற்றைப் பற்றுவார், அதுவே ஆபத்து. எனவேதான் கற்போருக்கு இரண்டாவது கயிறு ஒன்று தனியே கட்டப்பட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது கயிறு இல்லாத இடத்தில் மாணவரை இறக்குவது பயிற்சி ஆகாது, சூதாட்டம்.

இரு நிகழ்ச்சிகள்

கயிறு எதற்கு என்று கேட்போருக்கு 2024ஆம் ஆண்டு சூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த பெருநிலச்சரிவை நினைவூட்டுகிறோம். முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையில் காயமுற்றோர் தவித்தனர். படையினர் இரும்புப் பாலம் அமைத்து முடிப்பதற்கு முன்பே, ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கயிற்றில் தொங்கி அக்கரை சென்று முதலுதவி அளித்தவர் நீலகிரி மாவட்டம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா. கீழே சேறும் பாறையும் புரண்டோடும் வெள்ளம். கையில் மருந்துப் பெட்டி. அவ்வாண்டு விடுதலை நாள் விழாவில் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்துச் சிறப்பித்தது. சுற்றுலா மையத்தில் கட்டணம் கொடுத்துச் சறுக்குவதும் அதே கயிறுதான்; சபீனா கடந்ததும் அதே கயிறுதான். பயன் மட்டுமே வேறு.

மற்றொரு நிகழ்ச்சி நெஞ்சைப் பிளப்பது. 2018 சூலை 12 அன்று கோவை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நடந்தது. இரண்டாம் மாடியிலிருந்து கீழே பிடித்திருந்த வலையில் குதிக்குமாறு பத்தொன்பது வயது மாணவி ஒருவர் பணிக்கப்பட்டார். அவர் தயங்கினார். பயிற்றுநர் தள்ளினார். இடையிலிருந்த தளத்தின் வெயில்தடுப்பில் தலை மோதி அம்மாணவி உயிரிழந்தார். அப்பயிற்றுநர் தம் அமைப்பைச் சேர்ந்தவர் அல்லர் எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பின்னர் அறிவித்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஓர் இளநெஞ்சும் ஓர் உயரமும் உண்டு. வேறுபாடு எங்கே? சபீனா தாமே முன்வந்தார், அம்மாணவியோ தள்ளப்பட்டார். தாமே துணிவது வீரம். பிறரைத் துணியச் செய்யக் கட்டாயப்படுத்துவது கொடுமை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பதைத் தமிழ் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். பாறை விளிம்பில் நின்று "எனக்கு வேண்டாம், ஐயா" என்று சொல்லும் மாணவரைக் கோழை என்று எள்ளும் ஆசிரியர், அந்த அதிகாரத்தை இன்னும் ஒருமுறை படிக்கட்டும்.

அதே 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் மாண்டதையும் நாடு மறக்கவில்லை. சென்னையிலிருந்து சென்றோரும் அவர்களுள் இருந்தனர். அதன் பிறகே அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்தது. உயிர்கள் போன பின்பே விதிகள் வருகின்றன என்பது நம் நாட்டின் துயரமான வழக்கம். கல்லூரிகளேனும் அவ்வழக்கத்தை மாற்ற வேண்டாமா?

நம் வட்டாரமும் கயிறும்

மலையே இல்லாத அம்பத்தூரிலும் ஆவடியிலும் கயிற்றுப் பயிற்சி எதற்கு என்று வினவலாம். நம் வட்டாரம் ஏரிகளின் நடுவே அமைந்தது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் என நீர்நிலைகள் சூழ்ந்த நிலம் இது. 2015 திசம்பர் வெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் நம் தெருக்களில் நீர் புகுந்ததை அனைவரும் கண்டோம். அப்போது முதியோரையும் குழந்தைகளையும் அக்கரை சேர்த்தது எது? தெருவின் இருமருங்கும் கட்டிய கயிறும், அதைப் பற்றி நின்ற இளைஞரின் கைகளுமே. நழுவாத முடிச்சு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டத் தெரிந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர் இருந்திருப்பர்? உள்ளம் இருந்தது, பயிற்சி இல்லை. கற்பதற்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பிரிவு அரக்கோணத்தில் உள்ளது. ஆவடியிலிருந்து மின்தொடர் வண்டியிலேயே சென்று சேரலாம்.

இன்னொன்றும் கூற விரும்புகிறோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தந்தையர் பலருக்குக் கிரேனும் சங்கிலியும் கம்பிவடமும் அன்றாடப் பொருள்கள். சுமை தூக்கும் பொறியையும் அதன் வடத்தையும் தகுதி பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. பழனி மலையின் கம்பிவட ஊர்தி 2007இல் விபத்தைச் சந்தித்தது. இன்று அது நாள்தோறும் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டுப் பராமரிக்கப்படுகிறது. இரும்புப் பெட்டியைத் தூக்கும் வடத்திற்குச் சான்று கேட்கும் நாம், பெற்ற பிள்ளையைத் தொங்கவிடும் வடத்திற்குச் சான்று கேட்பதில்லை. உணவுக்கும் பேருந்துக்கும் எவ்வளவு என்று மட்டும் கேட்டுப் பணம் கட்டுகிறோம். இஃது எவ்வகையில் நியாயம்?

பெரியோரின் ஐயங்கள்

பெண்பிள்ளைகளை இதற்கு அனுப்பலாமா என்பது சமுதாயப் பெரியோர் சிலரின் ஐயம். அவர்தம் அக்கறையை நாம் மதிக்கிறோம். கூடலூர்ச் செவிலியரின் செயலே அதற்குப் பாதி விடையாகும். மீதி விடை ஏற்பாட்டில் உள்ளது. பெண்களுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும்; இடுப்புக்கச்சையைப் பூட்டிச் சரிபார்ப்பவரும் பெண்ணாக இருத்தல் வேண்டும். தளர்ந்த கால்சட்டையின் மேல் கச்சையை ஒழுங்காகப் பூட்டலாம். தலைத்துணியின் நுனியும் கூந்தலும் தலைக்கவசத்திற்குள்ளும் சட்டைக்குள்ளும் அடங்கியிருக்க வேண்டும். தொங்கும் துணி வளையத்தில் சிக்கினால் இறங்குபவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். இது கண்ணியத்திற்காக மட்டும் கூறுவதன்று; பாதுகாப்பு விதியும் அதுவே. ஈண்டு இரண்டும் ஒன்றாகவே அமைகின்றன.

பணம் பற்றிய ஐயமும் சரியானதே. வசதியுள்ள மாணவர் மட்டும் சென்று, ஏனையோர் ஏங்கி நிற்கும் பயணம் கல்லூரிக்கு அழகன்று. ஆயின் முடிச்சும் கணக்கும் கற்கப் பெரும்பொருள் வேண்டா. முதற்பாடத்தைக் கல்லூரி விளையாட்டுத் திடலிலேயே தரையில் நின்று கற்கலாம். பாறை வேண்டுவோர் அதன் பின்பு செல்லட்டும். திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூண்டியை அடுத்துக் குடியம் குகைகள் உள்ளன. வனத்துறையின் 40 பாதைகளுள் அதுவும் ஒன்று. கற்கால மனிதர் வாழ்ந்த அவ்விடம் நடந்து சென்று காண்பதற்கு உரியது. ஆணி அடித்துக் கயிறு கட்டுவதற்கு உரியதன்று. எங்கே கயிறு கட்டக்கூடாது என்று அறிவதும் இக்கல்வியின் ஒரு பாடம்.

நாம் வேண்டுவன

கல்லூரி நிருவாகங்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் நாம் வேண்டுவன ஐந்து. ஒன்று, பயிற்றுநரின் தகுதிச் சான்றை அதை வழங்கிய அமைப்பிடமே நேரில் கேட்டு உறுதி செய்தல். இரண்டு, வடம், கச்சை, கொக்கி, கப்பி ஆகியவை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்பதற்கான பதிவேட்டைப் பயணத்திற்கு முன்பே பார்த்தல். மூன்று, ஒவ்வொருவருக்கும் இரண்டாவது கயிறும் தலைக்கவசமும் இருத்தல். நான்கு, அண்மை மருத்துவமனையும் அதற்கான ஊர்தியும் முன்னரே ஏற்பாடாகியிருத்தல். ஐந்து, எந்த மாணவரும் எந்த நொடியிலும் மறுக்கலாம், மறுப்பவர் ஏளனத்திற்கு ஆளாகார் என்பதைப் புறப்படுமுன் முதல்வரே அறிவித்தல். இவற்றுள் ஐந்தாவதே தலையாயது. பெற்றோர் கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் இவற்றுள் எதற்கும் ஈடாகாது. தாள் ஒருபோதும் உயிரைத் தாங்காது.

மாணவச் செல்வங்களே! பாறை முகத்தில் இறங்கும் ஒருவரின் உயிர் அவர் கையில் மட்டும் இல்லை. முடிச்சிட்டவர், அதைச் சரிபார்த்தவர், கீழே கயிற்றைப் பற்றி நிற்பவர் ஆகிய மூவரின் நேர்மையும் அதில் தொங்குகிறது. நாளை நீங்கள் ஆசிரியராகலாம், அலுவலராகலாம், மருத்துவராகலாம். எத்தொழில் புரியினும் யாரோ ஒருவரின் கயிறு உங்கள் கையில் இருக்கும். அதை நழுவவிடாதிருக்கும் பழக்கத்தை அரைநாளில் உணர்த்த வல்லது இப்பயிற்சி. அவ்வாறு உணர்த்துமாயின் அதனை வரவேற்போம். புகைப்படம் ஒன்றுக்காக மட்டும் எனின், அப்பணத்தைக் கல்லூரி நூலகத்திற்கு அளிப்போம்.