சராசரி உயர்ந்தது, யாருக்கு?

"செப்டிக் ஆயிடுச்சு" என்பார்கள் நம் காலனிகளில். சாக்கடைக்குள் கண்ணாடி கிழித்த கால், பிரசவத்துக்குப் பிறகு விடாத காய்ச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். கிருமித்தொற்று முற்றி, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும் நிலையை மருத்துவர்கள் செப்சிஸ் என்கிறார்கள். அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

2012-ல் நியூயார்க்கில் ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் செப்சிஸால் இறந்தான். அவசரப் பிரிவுக்குப் போனவனை வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெற்றோர் விடாமல் போராடியதில் 2013-ல் அந்த மாநிலம் விதி கொண்டுவந்தது. செப்சிஸ் என்று கண்டறிந்த 3 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனைகள் எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும். கணக்கை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 149 மருத்துவமனைகளில் சுமார் 49,000 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு, இந்தப் பணிகள் ஒரு மணி நேரம் தாமதமானாலே மரண வாய்ப்பு 4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. கணக்குக் கேட்பது வீண் வேலையல்ல.

நாம் படிக்க வேண்டியது 2019-ல் வந்த இன்னோர் ஆய்வு. விதி வந்த பிறகு வெள்ளையருக்கு முழுச் சிகிச்சை கிடைத்த விகிதம் 14 சதவீதப் புள்ளி உயர்ந்தது. கறுப்பினத்தவருக்கு உயர்ந்தது 5 புள்ளிதான். ஒரே மருத்துவமனைக்குள் பெரிய பாகுபாடு தெரியவில்லை. கறுப்பின மக்கள் அதிகம் போகிற மருத்துவமனைகள் பின்தங்கியே இருந்தன. மாநிலச் சராசரி மட்டும் அழகாக ஏறியது.

இங்கே அரசு மருத்துவமனை வாசல்களில் தேசியத் தரச் சான்றும் காயகல்ப் விருதும் தொங்குகின்றன. தொங்கட்டும், கழிவறை சுத்தமானால் தொற்று குறையும். அந்தச் சுத்தத்தைச் செய்வதும் பெரும்பாலும் நம் பெண்கள்தான். ஆனால் காலனியிலிருந்து காய்ச்சலோடு வந்தவருக்கு முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதை அந்தச் சான்று சொல்லாது. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, அங்கிருந்து 108-ல் மருத்துவக் கல்லூரி என்று ரெஃபர் ஆகி அலைகிற நம் நோயாளிக்கு, கடைசி வாசலில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்றால் வழியில் போன நேரம் யார் கணக்கிலும் வராது. அமெரிக்க மத்திய அரசின் 2015 செப்சிஸ் அளவுகோலும் வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்டு வந்தவர்களை விட்டுவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் சாதி கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். படுக்கையருகே யாரும் கேட்க வேண்டாம். பெயரை மறைத்துப் பின்னால் தொகுத்தால் போதும். நியூயார்க்கில் இனவாரிக் கணக்கு இருந்ததால்தானே அந்த 14-ம் 5-ம் வெளியே வந்தன?

முதல் நிலையத்துக்கு வந்த நேரம், ரெஃபர் செய்த நேரம், முதல் ஆன்டிபயாடிக் போட்ட நேரம். செப்சிஸ் மரணம் ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றையும் மாவட்ட சுகாதாரத் துறை சமூகவாரியாக வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட நம் இளைஞர்களுக்குப் பத்து ரூபாய் போதும்.