"கொஞ்ச நாள்தான்" - எத்தனை நாள்?

புது வீட்டுக்குக் குடிபோனால் நாள் பார்ப்போம். பால் காய்ச்சுவோம். நாலு பேரைக் கூப்பிடுவோம்.

பூகம்பத்தில் வீடு இடிந்தவன் தகரக் கொட்டகைக்குக் குடிபோகிறான். நல்ல நாள் இல்லை. பால் இல்லை. ஒரு பானை, ஒரு பாய், மிஞ்சியிருந்தால் ஒரு ரேஷன் கார்டு. அவ்வளவுதான் சாமான்!

"கொஞ்ச நாள் இங்கே இருங்க. அப்புறம் நல்ல வீடு கட்டித் தர்றோம்" என்கிறார் அதிகாரி. அவர் பொய் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார்.

ஆனால் கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தத் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

கடலோரத்தில் கண்டது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி ஆடியது. 9.1 அளவுள்ள பூகம்பம். சில மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

வீடு போனவர்களுக்குச் சில மாதங்களில் தற்காலிகக் கொட்டகைகள் எழும்பின. அந்த வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. கூரை இல்லாதவனுக்கு முதலில் கூரை வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் பாடம். பல இடங்களில் கொட்டகை என்பது தார் பூசிய அட்டை. சித்திரை வந்தது, உள்ளே உட்கார முடியவில்லை. ஐப்பசி வந்தது, பள்ளத்தில் போட்ட கொட்டகைக்குள் மழைத்தண்ணீர் நின்றது. சென்னை கார்கில் நகரில் 2005-ல் தீப்பிடித்து ஏராளமான கொட்டகைகள் சாம்பல் ஆயின. கடல் விட்டு வைத்ததை நெருப்பு எடுத்துக்கொண்டது!

நிரந்தர வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சர்க்கார் 2005 மார்ச்சிலேயே முடிவு செய்துவிட்டது. 300 முதல் 325 சதுர அடி. ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பு. தீர்மானம் நல்ல தீர்மானம். ஆனால் நிலம் தேடுவது, மேடாக்குவது, கட்டுவது என்று இழுத்தது. இரண்டாவது மழையையும் கொட்டகையிலேயே பார்த்த குடும்பங்கள் உண்டு.

குஜராத்தும் ஜப்பானும்

2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் கட்ச் பகுதியில் பூகம்பம். சுமார் 20,000 பேர் உயிர் இழந்தார்கள். அங்கே ஒரு நல்ல வழி கண்டார்கள். வீட்டை இழந்தவன் கையிலேயே பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். ஒரு கட்டம் முடிந்ததும் இஞ்சினீயர் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் அடுத்த தவணை. காண்டிராக்டருக்குக் காத்திருக்காமல் அவனவன் வீட்டை அவனவன் எழுப்பினான். தன் வீட்டுக்குச் சிமெண்டைக் குறைத்துப் போடுகிறவன் யார்?

ஜப்பானில் தற்காலிக வீட்டுக்கு இரண்டு ஆண்டு என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. 1995 ஜனவரி 17-ல் கோபே நகரம் இடிந்தபோது சுமார் 48,000 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். கடைசிக் குடும்பம் அதிலிருந்து வெளியேற 5 ஆண்டு ஆனது. சட்டமும் பணமும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி என்றால், கெடுவே வைக்காத இடத்தில் என்ன ஆகும்?

கோபேயில் இன்னொரு தப்பும் நடந்தது. வயதானவர்களுக்கு முதலிடம் கொடுத்து, சீட்டுக் குலுக்கி வீடு ஒதுக்கினார்கள். நினைப்பு நல்லதுதான். ஆனால் ஒரே தெருக்காரர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல், கதவைத் தட்ட ஆள் இல்லாமல், 200-க்கும் மேற்பட்டவர்கள் அந்த வீடுகளில் தனியாகச் செத்துக் கிடந்தார்கள்.

நம் மாவட்டத்துக் கதை

"இதெல்லாம் எங்கேயோ நடந்தது. நம் ஊரில் பூகம்பமா, சுனாமியா?" என்று கேட்கலாம்.

தற்காலிகக் கூரை நம் பக்கத்திலேயே இருக்கிறது. குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், மல்லாங்கிணறு, மொட்டமலை என்று நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. அவர்களைத் துரத்தியது பூகம்பம் அல்ல, யுத்தம். ஆனால் தகரக் கூரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கரிசல் வெயில் எல்லார் தலையிலும் ஒரே மாதிரிதான் இறங்குகிறது.

1983 கலவரத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1990-ல் இன்னொரு கூட்டம் வந்தது. அவர்களிடம் சொன்னதும் கொஞ்ச நாள்தான். பத்துக்குப் பத்து அறையில் கல்யாணம் ஆச்சு, பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தது. 2021-ல் தமிழ்நாடு முழுக்க முகாம்களில் 58,000-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் பழுதான 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவதாக அரசு அறிவித்தது. முகாம்களுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயரும் மாறியது. 2023 செப்டம்பரில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. பாராட்டுவோம். ஆனால் கணக்கும் பார்ப்போம். 1990-லிருந்து 2023 வரை 33 ஆண்டு! இதற்குப் பெயர் தற்காலிகமா?

பட்டாசுக்கு உண்டு, மனிதனுக்கு?

பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு நாலு பேர்தான். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி. ஓடித் தப்ப வாசல். விதி எழுதியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 உயிர் போனபிறகு, சிவகாசி வட்டாரத்தில் இதைச் சின்னப் பிள்ளையும் ஒப்பிக்கும். விதி இல்லாததால் யாரும் சாகவில்லை. யாரும் எண்ணிப் பார்க்காததால்தான் சாகிறார்கள்.

நிவாரண முகாமுக்கும் விதி உண்டு. தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரை இடம் வேண்டும் என்கிறது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம். அதாவது சுமார் 38 சதுர அடி. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சுமார் 190 சதுர அடி. பத்துக்குப் பத்து அறையோ 100 சதுர அடி! பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். தற்காலிகக் குடியிருப்புக்கென்றே 2019-ல் அந்த ஆணையம் தனி வழிகாட்டியும் போட்டது. காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை. அளவு நாடா எடுத்துக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.

என்ன செய்யலாம்?

மாளிகை கேட்கவில்லை. நாலு காரியம் கேட்கிறோம்.

ஒன்று: எந்தத் தற்காலிகக் குடியிருப்பானாலும் வாசலில் பலகை வைக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் நிரந்தர வீடு, அதற்குப் பொறுப்பு எந்த அதிகாரி என்று அதில் எழுத வேண்டும். கலெக்டர் மாறலாம், பலகை மாறக்கூடாது.

இரண்டு: குடிவைக்கும் முன் அறையை அளக்க வேண்டும். பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறையும் குளியலறையும், இரவில் விளக்கும் முதல் நாளே வேண்டும்.

மூன்று: ஒரே தெருக்காரர்களை ஒரே வரிசையில் வைக்க வேண்டும். கஷ்ட காலத்தில் அக்கம்பக்கம்தான் பாதி மருந்து.

நான்கு: கெடு தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கு வாடகைப் பணம் கொடுக்க வேண்டும். தாமதத்தின் செலவு சர்க்கார் பையிலிருந்து போனால்தான் பைல் நகரும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். மக்கிப்போகிற தகரத்தையும் அட்டையையும் மூன்று முறை மாற்றுகிற செலவைக் கூட்டிப் பார்க்கட்டும். சுவருக்குப் பாதிப் பணம் அதிலேயே தெரியும்.

நாட்டுக்கே காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. தேதியின் அருமை நமக்குத் தெரியும். தேதி போடாத செக் பாங்கில் செல்லாது. தேதி போடாத வாக்குறுதியை மட்டும் ஏழை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?