செல்போனில் எழுந்த பாடகர்!

கச்சேரியில் கடைசி வரிசைக்காரருக்குப் பாடகர் எப்படித் தெரிவார்? கட்டை விரல் அளவுதான்!

அவரையும் மகிழ்விக்க ஒரு வித்தை உண்டு. "ஆக்மென்டட் ரியாலிட்டி" என்று அதற்குப் பெயர். செல்போன் கேமராவை மேடைப் பக்கம் திருப்பினால், அங்கே இல்லாத உருவங்களும் சேர்ந்து தெரியும்.

2018-ல் அயர்லாந்தின் 'யூ2' குழு அமெரிக்காவில் இதைச் செய்தது. ரசிகர்கள் செல்போனைத் தூக்கினார்கள். பனிப்பாறை உருகியது, பாடகர் போனோ பூதாகாரமாக எழுந்தார்! 2022 டிசம்பரில் 'கொரில்லாஸ்' என்ற கார்ட்டூன் குழு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் கட்டடங்களுக்கு நடுவே பாடியது. செல்போன் இல்லாதவர் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை!

நம் ஊரில்?

கூட்டம் சேர்ந்தால் சிக்னல் படுத்துவிடும். தூக்கிய கை பின்னால் இருப்பவரை மறைக்கும். இதைவிடப் பெரிய தொல்லையும் உண்டு. 2023 செப்டம்பர் 10-ந் தேதி பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி நடந்தது. டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே போக முடியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை திணறியது. ரகுமான் வருத்தம் தெரிவித்தார். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

இங்கேதான் அந்த வித்தை வேண்டும். செல்போனில் தெரியும் தெரு மீதே அம்புக்குறி போட்டு வழிகாட்டும் வசதி, கூகுள் மேப்பில் 2019-லேயே வந்துவிட்டது. குமணன்சாவடியிலிருந்து பிள்ளைகளோடு புறப்படும் குடும்பத்துக்குப் பனிப்பாறை எதற்கு? எந்த வாசல், எந்த இருக்கை, குடிதண்ணீர் எங்கே, திரும்பிப் போகப் பஸ் எங்கே என்று அம்புக்குறி காட்டட்டும். சிக்னலை நம்பாமல், டிக்கெட்டோடு சேர்த்தே அந்த வரைபடத்தையும் முன்கூட்டியே செல்போனுக்கு அனுப்பிவிட வேண்டும்.